வாசற்படியில் தவிடு

இன்று காலை கதவைத் திறந்தபோது வாசற்படியில் தவிடு கிடந்தது.

ஒரு பிடி இருக்கும். கை தவறிக் கொட்டியது போல இல்லை. இரண்டு கைகளாலும் அள்ளி வந்து, பார்த்துப் பதமாக வைத்துவிட்டுப் போனது போல ஒரு சின்னக் குவியல். குனிந்ததுமே வாசனை வந்துவிட்டது. நெல்லின் இனிப்பும் தூசியும் கலந்த அதே வாசனை. தோல் பதனிடும் டேனரி நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்த மூக்கு என்னுடையது, வேறு எந்த வாசனையும் அதில் அவ்வளவு சீக்கிரம் ஏறாது. இது ஏறியது. இத்தனை வருஷம் கழித்தும் அடையாளம் தெரிந்தது.

துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். பெருக்கவும் தோன்றவில்லை, தாண்டவும் துணிச்சல் வரவில்லை. பிறகு உள்ளே ஓடிப்போய், பாயில் குப்புறப் படுத்திருந்த உன் பெண்ணின் முதுகில் காதை வைத்தேன். நீ சொல்லிக்கொடுத்த இடம்தான், இடது தோள்பட்டைக்குக் கீழே. மூச்சு சுத்தமாக இருந்தது. விசில் இல்லை. "இன்னாம்மா, காலங்காத்தால பேஜார் பண்ற" என்று அவள் என் தலையைத் தள்ளிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்காரர் கறி வாங்கப் போயிருக்கிறார். நான் சர்ச்சுக்குக் கிளம்ப வேண்டியவள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். பரவாயில்லை, அங்கே உன்னை யாரும் அவசரப்படுத்தப் போவதில்லை. ஒன்றே ஒன்று கேட்கத்தான் எழுதுகிறேன். நீயா வைத்தாய்?

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருந்தது, நினைவிருக்கிறதா? இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு பையுமாக நீ அந்த வீட்டுக்கு வந்தபோது, உன் புருஷன் எங்கே என்று தெரு முழுக்கக் கேட்டது. நீ ஒருத்திக்கும் பதில் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "இருக்கறான், இல்லாத மாதிரி" என்றாய். அன்றைக்கே எனக்கு உன்னைப் பிடித்துவிட்டது. உன் நித்யாவும் என் பிரின்சியும் ஏறக்குறைய ஒரே வயது. இரண்டும் ஒரே தட்டில் தின்று, ஒரே பாயில் புரண்டு வளர்ந்தன.

நீ வீட்டில் உட்கார்ந்து ஷூவுக்கு அப்பர் தைத்தாய், அதாவது மேல்பாகம். ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவான், நீ மெழுகு நூலை இழுத்து இழுத்து விரல் மடிப்பில் வெட்டு விழத் தைத்துக் கொடுப்பாய். மூட்டை எங்கள் கம்பெனிக்குத்தான் வரும். உள்ளே மெஷினில் உட்கார்ந்து மிச்சத்தைத் தைப்பவள் நான். ஒரே ஷூதான். கேட்டுக்கு உள்ளே உட்கார்ந்து தைத்தவளின் பிள்ளைக்கு இலவச வைத்தியத்துக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தது. கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து தைத்தவளின் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அப்போது எனக்கு இது உறைக்கவே இல்லை. வெயில் மாதிரி, மழை மாதிரி, அது பாட்டுக்கு இருந்தது.

நித்யாவுக்கு வீசிங் வர ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது. முதலில் பனிக்காலத்தில் மட்டும் வந்தது, பிறகு எப்போது வேண்டுமானாலும் வந்தது. குழந்தையின் விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே போய் உள்ளே போய் வரும். நீ அவளை மடியில் குப்புறப் போட்டு, முதுகில் காதை வைத்துக்கொண்டு, கை பாட்டுக்கு அப்பர் தைத்துக்கொண்டிருப்பாய். "வந்து கேளு எஸ்தரு, உள்ள யாரோ விசில் அடிக்கறாங்க" என்பாய். நான் கேட்டேன். அப்படித்தான் இருந்தது. அந்தச் சின்ன முதுகுக்குள் யாரோ ஒரு ஆள் உட்கார்ந்து, பொழுது போகாமல் மெல்ல விசிலடித்துக்கொண்டிருந்த மாதிரி. சட்டென்று காதை எடுத்துவிட்டேன்.

ஊர் ஆஸ்பத்திரியில் மாஸ்க் வைத்து மருந்துப் புகையை இழுக்கவிட்டு அனுப்பினார்கள். நாலு நாள் தாங்கும். மறுபடியும் வரும். பெரிய இடத்தில் காட்டி, விடாமல் மருந்து கொடுக்க வேண்டும் என்றார்கள். அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருந்தால் எங்கேயும் காட்டலாம், ஆனால் அதற்கு ரேஷன் கார்டு வேண்டும். உன் பெயரும் பிள்ளையின் பெயரும் எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில், உன் புருஷன் வீட்டுக் கார்டில் மாட்டிக்கொண்டிருந்தது. அங்கே நீக்கினால்தான் இங்கே சேர்க்க முடியும். நீக்க வேண்டியவன் ஊரைவிட்டே போய்விட்டான். நீ ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாய். திரும்பி வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றி வாசலில் எறிவாய், அந்தச் சத்தத்திலேயே பதில் எனக்குத் தெரிந்துவிடும்.

ஒரு நாள் சாப்பாட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தவள், நித்யாவின் உதடு நீலமாக இருந்ததைப் பார்த்தேன். நீ கையில் பிள்ளையோடு தெருவில் நின்றுகொண்டு, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் யோசிக்கவே இல்லை. பெட்டியிலிருந்து என் அட்டையை எடுத்துக்கொண்டு ஆட்டோவை நிறுத்தினேன். அட்டையில் எங்கள் குடும்பப் படம், அதில் பிரின்சி கைக்குழந்தை. கைக்குழந்தைகளுக்கு ஏது முகம்? எல்லாம் ஒன்றுதான்.

ஆட்டோவிலேயே நீ பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டாய். மூச்சு இழுத்துக்கொண்டிருந்த பிள்ளையிடம், "உன் பேர் இன்னா?" என்றாய்.

"நித்யா."

"இல்ல கண்ணு. பிரின்சி. இவங்க யாரு?"

"பெரிம்மா."

"இல்ல. அம்மா. நான் யாரு?"

அது உன் முகத்தையே பார்த்தது. நீ தான் சொன்னாய், "சித்தி. நான் சித்தி."

அன்றைக்கு அட்மிட் பண்ணினார்கள். நல்ல டாக்டரம்மா, பிள்ளையின் கன்னத்தைத் தட்டித் தட்டிப் பேசினார். ஊசி போட வந்தபோது நித்யா பயந்துபோய், "அம்மா!" என்று அலறியது. அது கூப்பிட்டது உன்னை. கை நீட்டியது உன்னைப் பார்த்து. நீ ஜன்னல் ஓரமாகச் சுவரைப் பார்த்து நின்றாய். திரும்பவே இல்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாய், தோள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. நான் தான் போய், "இதோ இருக்கேன்டா பிரின்சி" என்று தூக்கிக்கொண்டேன். பிள்ளை என் தோளுக்கு மேலாக உன்னையே பார்த்து, இன்னும் ஒரு தடவை கூப்பிட்டது. அப்போதும் நீ திரும்பவில்லை. உன் மாதிரி மனசுறுதிக்காரியை நான் பார்த்ததில்லை. உன்னைப் பார்க்க எனக்குப் பயமாகவும் இருந்தது.

மருந்து பிடித்தது. வாயில் வைத்து மருந்து இழுக்கும் பம்பு கொடுத்தார்கள், மாதம் தவறாமல் வரச் சொன்னார்கள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் நீ புதிதாக ஒன்றைக் கிளப்பினாய். "பொய்ப் பேர்ல குடுக்கற மருந்து நெஜ உடம்புல எத்தினி நாள் நிக்கும் எஸ்தரு? கடவுளுக்குத் தெரியாதா இது யார் புள்ளன்னு?"

"கடவுளுக்குத் தெரிஞ்சா நல்லதுதான். ஆஸ்பத்திரிக்குத் தெரியாம இருந்தா போதும்" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. "பொய்யா இருக்கக் கூடாது. நெஜமாவே உனக்குக் குடுத்துடறேன். தவிட்டுக்கு வாங்கிக்கோ."

நம் பக்கத்தில் பிள்ளைகளைக் கேலி பண்ணச் சொல்வார்கள், உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று. பிழைக்காது என்று பயந்த பிள்ளைகளை முன்னெல்லாம் நிஜமாகவே அப்படிக் கொடுத்து வாங்குவார்களாம். தேடி வரும் சாவு பெற்றவள் வீட்டில் தேடிவிட்டு, இங்கே இப்படி ஒரு பிள்ளை இல்லையே என்று திரும்பிப் போய்விடும். நான் சர்ச்சுக்குப் போகிறவள், எனக்கு எதற்கு இதெல்லாம் என்றுதான் சொன்னேன். நீ விடவில்லை. தெருக்கோடியில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருந்த ஷமீம் பாயிடம் போய் ஒரு படி தவிடு கேட்டேன். "மாடே இல்லாத ஊட்டுக்கு எதுக்கும்மா தவிடு?" என்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் அளந்து போட்டு, மேலே ஒரு கை கூடுதலாகவும் போட்டார்.

உச்சி வெயிலில் அது நடந்தது. தெருவில் ஒரு ஆடுகூட இல்லை. நான் வாசற்படிக்கு உள்ளே, நீ வெளியே. நான் முறத்தோடு தவிட்டை நீட்டினேன், நீ பிள்ளையை நீட்டினாய். படிக்கு மேலே ஒரு நிமிஷம் இரண்டும் நம் கைகளில் சேர்ந்து இருந்தன. பிறகு பிள்ளை என் பக்கம், தவிடு உன் பக்கம். நீ அதைப் பால் பவுடர் டப்பாவில் கொட்டி மூடினாய்.

"இதே தவிட்ட கொண்ணாந்து குடுத்துட்டு என் புள்ளய வாங்கிக்குவேன். அது வரைக்கும் அவ உன் புள்ள. நான் சித்தி தான். படி தாண்டி உள்ள வர மாட்டேன்" என்றாய்.

விளையாட்டு என்று நினைத்தேன். நீ விளையாடவில்லை. அதன்பிறகு ஒரு நாளும் என் வீட்டுக்குள் காலை வைக்கவில்லை. இட்லி செய்தால் கொண்டுவந்து படிக்கு வெளியே நின்று கொடுப்பாய். நித்யா உள்ளேயிருந்து ஓடி வந்து, "வாங்க சித்தி" என்று விருந்தாளியைக் கூப்பிடுவது போலக் கூப்பிடும். நீ தலையை ஆட்டி, "நல்லா இருக்கியா கண்ணு" என்று விசாரிப்பாய். நடுவில் ஒரு சுவர் வைத்துக்கொண்டு இப்படியொரு விசாரிப்பு. எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வரும். போதும்டி, தூக்கிக்கோ, யார் பார்க்கிறார்கள் என்பேன். "பாக்கறது யாருன்னு தெரிஞ்சா நான் ஏன் பயப்படறேன்" என்பாய். ஒரு தடவை பிரின்சிக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்து கூட்டிப் போனபோது, நர்ஸம்மா கட்டில் ஓரம் வந்து, "இன்னிக்கு மூச்சு ஜம்முனு இருக்கே, ஆளே மாறிட்ட" என்றார். என் பிரின்சி விழித்தது. அதைச் சொன்னபோது நீ விழுந்து விழுந்து சிரித்தாய், அதையும் வாசலில் நின்றே சிரித்தாய்.

ஆனால் நித்யா தேறியது. அதுதான் முக்கியம். மாதங்கள் போயின, விசில்காரன் வரவில்லை. ஓடியது, விளையாடியது, கன்னத்தில் சதை போட்டது. ஒரு ஆடி மாதம், நீ படிக்கு வெளியே நின்று, "ஆடி முடியட்டும் எஸ்தரு. முதல் வெள்ளிக்கிழமை தவிட்டோட வர்றேன்" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை, டப்பாவை வெயிலில் காயவைத்து எடுத்து வைத்திருந்தாய். புதுப் பாவாடைகூடத் தைத்து வைத்திருந்தாய்.

அந்த வாரம்தான் உனக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் மாத்திரையிலேயே ஓட்டினாய். மூட்டையை முடித்துக் கொடுக்க வேண்டும் என்றாய். ஆஸ்பத்திரிக்கு வா என்றால், "என்னை யாருன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போவ? உன் மாமியார்னா?" என்று கேட்டாய். நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். கடைசியில் வேலூருக்குத் தூக்கிப் போனபோது நேரம் தாண்டிவிட்டது. வெள்ளிக்கிழமை வரவே இல்லை உனக்கு. கடைசி வரை உன் பெண் உன்னைச் சித்தி என்றுதான் கூப்பிட்டது.

உன் அண்ணன் வந்து சாமான்களை அள்ளிப் போனார். பிள்ளையைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை. அந்தப் பால் பவுடர் டப்பாவை மட்டும் வீடு முழுக்கத் தேடினேன், கிடைக்கவில்லை.

அப்புறம்தான் ஒரு காலை, என் வாசற்படியில் தவிடு கிடந்தது.

அணில் இழுத்து வந்திருக்கும் என்று பெருக்கிவிட்டேன். அன்று மத்தியானம் நித்யாவுக்கு இரைக்க ஆரம்பித்தது. இன்னொரு காலை மறுபடியும் தவிடு கிடந்தது. ஷமீம் பாய் கடை மூட்டை கிழிந்து வழியெல்லாம் சிந்தியிருக்கும் என்று அவரிடம் போய்க் கேட்டேன். "இந்தப் பக்கம் வண்டியே வரலம்மா" என்றார். அன்றும் நித்யாவுக்கு மூச்சு இழுத்தது. அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. நீ வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றாய். சொன்ன சொல்லைக் காப்பாற்றாமல் நீ எப்போது இருந்திருக்கிறாய்?

ஒரு மத்தியானம் நல்ல வெயில். நித்யா தரையில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தது. திடீரென்று கையை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தது. அதன் நெஞ்சின் விசில் சத்தம் நான் இருந்த இடத்துக்கே கேட்டது.

"சித்தி வந்திருக்காங்க" என்றது.

"எங்க?"

"வாசல்ல. கையில டப்பா வெச்சிருக்காங்க." பிள்ளை என்னைப் பார்த்துக் கேட்டது, "உள்ள வரச் சொல்லவா?"

வாசலில் யாரும் இல்லை. வெயில் மட்டும் வெள்ளையாக நின்றது. காலையில் நான் பெருக்கிவிட்ட படியில் மறுபடியும் ஒரு பிடி தவிடு இருந்தது. உன்னிடம் எனக்கு அத்தனை பிரியம், அந்த நிமிஷம் உன்னைவிட வேறு யாரிடமும் எனக்கு அவ்வளவு பயமும் இருந்ததில்லை. நான் எழுந்துபோய்ப் படிக்குக் குறுக்கே நின்றேன்.

"விக்கறதுக்கில்ல" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், எதிர் வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். "புள்ள இன்னும் சின்னது. உன் கூட அனுப்ப முடியாது. நீ தப்பான இடத்துல இருந்துகிட்டுக் கேக்கற. போ. போயிட்டு அப்புறம் வா."

தோழியை வாசலிலேயே நிறுத்தித் துரத்தியவள் நான்தான். அதற்கு நான் வருத்தப்படவில்லை, சொல்லிவிடுகிறேன். என் இடத்தில் நீ இருந்தால் துடைப்பத்தையே எடுத்திருப்பாய்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வராந்தா பெஞ்சில் மடியில் போட்டு உட்கார்ந்திருந்தபோது அது தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தது. "யாரோ நித்யான்னு கூப்டாங்க" என்றது. அந்த ஆஸ்பத்திரியில் அந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. அங்கே அவள் பிரின்சி. நான் இரண்டு கைகளாலும் பிள்ளையின் காதுகளைப் பொத்திக்கொண்டேன். உள்ளே கூப்பிடும் வரை கையை எடுக்கவில்லை. அன்று புகை வைத்தார்கள், மருந்தைக் கூட்டினார்கள், தேறிவிட்டது. அதற்குப் பிறகு தவிடு வரவில்லை. நான் சொன்னதை நீ கேட்டாயோ, மருந்து கேட்டதோ, எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் நன்றி சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியாமலா இருக்கும்? இருந்தாலும் சொல்கிறேன். முறையாகத் தத்து எழுதிக்கொள்ள உன் புருஷன் கையெழுத்து வேண்டுமாம். ஆளையே காணோம், கையெழுத்துக்கு எங்கே போவது? ஆகவே பள்ளிக்கூடத்தில் நித்யா, ஆஸ்பத்திரியில் பிரின்சி என்றே வளர்ந்தாள். தவிட்டுக் கதை எதையும் நான் அவளிடம் மறைக்கவில்லை. உன்னைத் தவிட்டுக்கு வாங்கினது என்று பிரின்சி கேலி பண்ணும்போதெல்லாம், "ஆமா, உன்ன சும்மா குடுத்தாங்க" என்று திருப்பிக் கொடுப்பாள். அந்த வாய் உன்னுடையது. போன வருஷம் பிரின்சிக்குக் கல்யாணம் ஆனது. மகளுக்குக் கல்யாணமானால் அம்மா அட்டையில் இடம் கிடையாது. என் பிரின்சி ராணிப்பேட்டைக்குப் போக, ஆஸ்பத்திரி பிரின்சியும் அதோடு போய்விட்டாள். நித்யா கடையில் பம்பு வாங்கி, தீர்ந்துவிடுமோ என்று பயந்து பயந்து இழுத்தாள்.

இப்போது அந்தக் கவலை இல்லை. டிப்ளமோ முடித்து ஒரு ஷூ கம்பெனி லேபில் சேர்ந்துவிட்டாள். அவளுக்கே அட்டை, அவள் பெயரில். நேற்று அதைக் காட்டி மருந்து வாங்க முதன்முதலாகப் போனோம். அதே வராந்தா, அதே மாதிரி பெஞ்சு. கவுன்ட்டரிலிருந்து "நித்யா" என்று கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை, பழக்கம் அப்படி. மறுபடியும் ஓங்கிக் கூப்பிட்டார்கள். அந்தச் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்தபோது என் கைகள் தாமாக அவள் காதுப் பக்கம் போயின. "இன்னாம்மா பண்ற, எல்லாரும் பாக்கறாங்க" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனாள்.

இத்தனை வருஷம் மறைத்து வைத்த பெயரை நேற்று ஊரறியக் கூப்பிட்டுவிட்டார்கள். இன்று காலை படியில் தவிடு. இப்போது புரிகிறதா, நான் ஏன் சர்ச்சுக்குப் போகாமல் எழுதுகிறேன் என்று? எதைச் சொல்லி உன்னைத் திருப்பி அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளை சின்னது என்று இனி சொல்ல முடியாது.

இத்தனையும் எழுதிவிட்டு நிறுத்தியிருந்தேன். இனி எழுதுவது கொஞ்ச நேரம் கழித்து.

நித்யா எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சமையல்கட்டுக்குள் போய், மேடைக்குக் கீழேயிருந்து ஒரு முறத்தை எடுத்துவந்தாள். முறம் நிறையத் தவிடு.

"நேத்து பாய் கடையில வாங்கினேன். உன்கிட்ட குடுக்கணும்னு. சித்தி வாங்காமலே போய்ட்டாங்க இல்ல? அவங்களுக்குப் பதிலா நானே என்னை வாங்கிக்கறேன்" என்றாள்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. அடிப்பாவி, இவள் வேலைதானா என்று சிரிப்பும் அழுகையுமாக வந்தது. "அதுக்கு ஏண்டி வாசல்ல கொட்டி வெச்சு என்னைச் சாவடிக்கற?" என்றேன்.

"வாசல்லயா?" என்றாள். "நான் வாசல் பக்கமே போகலம்மா."

அவள் மெல்ல நடந்து போய்ப் படியருகே நின்று, அந்தக் குவியலைப் பார்த்தாள். போகாதே என்று நான் சொல்வதற்குள் அவள் உட்கார்ந்தாள். முறத்தில் இருந்ததை அந்தக் குவியலின் மேலேயே மெதுவாகச் சரித்தாள். எது யாருடையது என்று பிரிக்க முடியாமல் இரண்டும் ஒன்றாகிவிட்டது. பிறகு வெளியே, வெயிலைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"அம்மா."

என்னை அல்ல. எனக்குத் தெரியும். வீட்டுக்குள் இத்தனை வருஷம் என்னைக் கூப்பிட்ட சொல்தான், ஆனால் அந்தக் குரலை நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன், ஊசி போட்ட அன்றைக்கு. நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். அவள் மறுபடியும் கூப்பிட்டாள். அப்போதும் நான் திரும்பவில்லை.

"நான் நல்லா இருக்கேம்மா. கார்டு வந்துடுச்சு" என்றாள்.

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதும் என் காது அவள் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. நீ எனக்குக் கொடுத்துவிட்டுப் போன காது அது. கம்பெனியில் அத்தனை மெஷின் சத்தத்திலும் பக்கத்தில் யாருக்காவது நெஞ்சு இழுத்தால் எனக்குக் கேட்டுவிடும். தெருவில் போகும் பிள்ளைகளின் முதுகுகூடக் கேட்கும். செத்தால்தான் இது என்னைவிட்டுப் போகும் போலிருக்கிறது. இப்போது கேட்டேன். விசில் இல்லை. நீ வந்து நின்ற பிறகும் விசில் இல்லை.

தவிட்டை முறத்தில் வாரி எடுத்து உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டேன். வாங்கிக்கொண்டேன் என்று அர்த்தம். நமக்குள் பேசியது முடிந்தது, உன் பிள்ளை உன் பிள்ளைதான்.

இனி வருவதானால் வெறுங்கையோடு வா. படிக்கு வெளியே நிற்காதே, உள்ளே வா.